தொட்டாச்சிணுங்கி அக்காவின் அறை

மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் வெப்பப்படம் எடுக்கும் அறை அக்காவுடையது. பதினோரு ஆண்டுகளாக அங்கேதான் வேலை. ஊசி இல்லை, மருந்து இல்லை. சர்க்கரை நோயாளியின் பாதத்தைக் கேமரா முன் வைத்தால், ரத்தம் நன்றாக ஓடும் இடம் திரையில் சிவக்கும். ஓடாத இடம் நீலமாகக் கிடக்கும். ஆனால் அதற்குமுன் காலுறையைக் கழற்றி, பதினைந்து நிமிடம் பாதத்தில் எதுவும் படாமல் உட்கார வேண்டும். ஒரு விரல் பட்டாலும் அதன் சூடு படத்தில் விழுந்துவிடும்.

“சொறியாதீங்க. கால்மேல கால் போடாதீங்க.” இதையே நாள் முழுக்கச் சொல்வதால் நோயாளிகள் வைத்த பெயர், தொட்டாச்சிணுங்கி அக்கா. இனிமையானவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை.

“போட்டோவுக்குச் சிரிக்கணுமாம்மா?” என்று ஒருவர் கேட்டார்.

“உங்க கட்டைவிரலைச் சிரிக்கச் சொல்லுங்க, போதும்.”

போன மாதம் அந்த நாற்காலியில் அக்காவின் கணவரே வந்து உட்கார்ந்தார். தபால்காரர், முப்பது வருடம் பிறர் வாசலுக்கு நடந்த கால். வலது கட்டைவிரல் கறுக்கத் தொடங்கியிருந்தது. அடைத்த ரத்தக்குழாயை டாக்டர் திறந்துவிட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. ரத்தம் விரல்வரை வந்திருந்தால் விரல் தப்பும். இல்லையென்றால் திங்கட்கிழமை எடுத்துவிடுவார்கள்.

“வீட்லதான் அதிகாரம்னா இங்கயுமா?”

“வாயை மூடிட்டு காலை நீட்டுங்க.”

“இருபத்தாறு வருஷமா மூடிட்டுத்தானே இருக்கேன்.”

சிரித்தார்கள். பிறகு அவர், யாருக்கோ வந்த கடிதத்தைப் படிப்பவர்போல, “விரல் இல்லாமயும் நடக்கலாமாம். செருப்புதான் நழுவுமாம்” என்றார்.

அக்கா குனிந்து அந்தப் பாதத்தை மேலும் கீழுமாக இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். கதவு திறக்கும் சத்தம் கேட்டுத்தான் விட்டார்.

உள்ளே வந்த டாக்டர் இளைஞர். திரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “அட, விரல் வரைக்கும் சிவப்பு! திங்கக்கிழமை வேலை இல்லக்கா.”

விரும்பியது கண்ணெதிரே வந்து நின்றால் மனிதர்கள் அதைத் துருவிப் பார்ப்பதில்லை. அக்கா பார்த்தார். சிவப்புக்கு ஓரங்கள் இருந்தன. குறுக்கே நான்கு பட்டைகள், பக்கத்தில் ஒன்று. ரத்தம் அப்படி ஓடாது.

“டாக்டர், அது ரத்தம் இல்ல. என் கை.”

தபால்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “ஊரையே மிரட்டிட்டு, கடைசியில நீயே தொட்டுட்டியா?”

“இன்னும் பதினஞ்சு நிமிஷம்,” என்றார் அக்கா. நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப்போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மூவரும் திரையைப் பார்த்தார்கள். சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாகி, விரல் தடங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன.

“உன் கை போகுது பாரு,” என்றார் தபால்காரர், மெதுவாக.

போயிற்று. பாதம் நீலமானது. கட்டைவிரலின் உள்பக்கம் மட்டும் நூல்போல ஒரு மஞ்சள் கோடு, நகத்தின் அடிவரை. ஐந்து நிமிடம் கழித்தும் அது அப்படியே நின்றது.

“அது யாரோடது?”

“உங்களோடது,” என்றார் அக்கா.

டாக்டர் கிட்டே போய்ப் பார்த்தார். “கொஞ்சம்தான். ஆனா வருது. திங்கக்கிழமை வேண்டாம், மூணு வாரம் பொறுத்து மறுபடி எடுப்போம்.”

“இப்பத் தொடலாமா?” என்று தபால்காரர் கேட்டார்.

அக்கா காலுறையை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அதை மாட்டி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. அடுத்த நோயாளி இரண்டு முறை கதவைத் தட்டிவிட்டார்.