காப்புக் கட்டிய பின் வந்த தேதி

இமயமலையில் பன்னிரண்டு நாள் நடைப்பயணத்துக்கு எங்கள் கல்லூரியிலிருந்து ஆறு பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். எங்கள் குப்பத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண்ணும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

அந்தக் கோடை முழுவதும், கல்லூரி கொடுத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு, முதுகுப் பையில் மணலை நிரப்பி, கரையோடு மாமல்லபுரம் வரை நடந்து பழகினேன். வலை உலர்த்துகிறவர்கள் கேலி செய்தார்கள்.

"இன்னாம்மே, மணல எங்க எடுத்துகினு போற? அங்க இல்லியா?"

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. நாங்கள் கடக்க வேண்டிய கணவாயில் பனி இன்னும் உருகவில்லை, சுமை தூக்கும் குதிரைகள்கூடப் போக முடியவில்லை, மறு தகவல் வரும்வரை வீட்டிலேயே இருக்கவும் என்று எழுதியிருந்தார்கள். கட்டிய பையைப் பிரித்துவிட்டேன். விடுதியும் விடுமுறைக்கு மூடியிருந்ததால் வேறு எங்கும் போக வழியில்லை.

அந்த வாரம்தான் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். அம்மன் கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால், அதை அவிழ்க்கும்வரை ஊரில் இருப்பவர்கள் யாரும் இரவில் எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். கட்டும்போது வெளியூரில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. முதலில் சொன்ன தேதியில் கிளம்பியிருந்தால், உடுக்கை அடித்த அந்த நேரத்தில் நான் டெல்லி ரயிலில் இருந்திருப்பேன். பனியால் ஊரில் நின்றுவிட்டேன். கூட்டத்தோடு நானும் கைகூப்பினேன்.

மூன்றாம் நாள் தந்தி வந்தது. கணவாய் வேண்டாம், ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகச் சுற்றிப் போகிறோம், வெள்ளிக்கிழமை புறப்பாடு. காப்பு அவிழ்க்க அதற்குப் பிறகும் ஒரு வாரம் இருந்தது.

நைனா, என் அப்பா, என்னைப் பஞ்சாயத்தாரிடம் அழைத்துப்போனார்.

"வழி பூரா ஐஸு கெடந்துச்சாம். அதான் தள்ளிப் போட்டுட்டாங்க," என்றார்.

"ஐஸா? நமக்கு மீனுக்குப் போட ஒரு கட்டி கெடைக்க மாட்டுது. அங்க சும்மா கெடக்குதா?" என்றார் பஞ்சாயத்துப் பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் பயணத்தை விளக்கினேன். நன்றாகவே பேசினேன். கடைசிவரை கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "காப்பு அவுத்தப்புறம் போம்மே. மல எங்கியும் ஓடிடாது."

"மல ஓடாது. ரயிலு ஓடிடும்," என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. நைனாவிடம் சொன்னார்: "நாங்க தடுக்கல, அண்ணாத்த. ஆனா இந்த நாளுல கடல்ல எவனுக்கு எது ஆனாலும் உன் வூட்டத்தான் கேப்பாங்க. அப்புறம் உன்ன எவன் மரத்துல ஏத்துவான்?"

நைனாவுக்குச் சொந்தக் கட்டுமரம் கிடையாது. அடுத்தவர் மரத்தில் கூட்டாளாகப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும், அவர் போகாதே என்று சொன்னால் என்னென்ன பதில் சொல்லலாம் என்று வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். அவர் கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார்.

"நீ போம்மே. நா பாத்துக்கறேன்."

மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. நைனா மனதாரத்தான் சொன்னார். எதிர்த்திருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். போ என்று சொன்னவரிடம் சண்டை போட முடியவில்லை. போகவும் முடியவில்லை.

வர இயலாது என்று கல்லூரிக்குத் தந்தி கொடுத்தேன். எனக்குப் பதிலாக ஊரப்பாக்கத்துப் பெண் ஒருத்தியைச் சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமை பூட்ஸையும் கம்பளிச் சட்டையையும் திருப்பிக் கொடுக்க, டெல்லி ரயிலைப் பிடிக்கக் குழு சென்னைக்கு லோக்கல் வண்டி ஏறும் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். குழுவை அழைத்துப்போகும் விரிவுரையாளரிடம் காரணத்தை முழுதாகச் சொன்னேன். என் அப்பா தடுத்தார் என்று அவர் நினைப்பதை என்னால் தாங்க முடியாது.

"வண்டியில ஏறு. ஊரப்பாக்கம் வர்றவரைக்கும் யோசி. நீ எறங்கலேன்னா அந்தப் பொண்ணுகிட்ட நான் பேசிக்கறேன்," என்றார்.

ஏறினேன். மற்ற ஐந்து பேரும் எனக்கு ஜன்னலோரம் இடம் விட்டார்கள். ஒருத்தி தன் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினாள். பூட்ஸ் என் மடியில் இருந்தது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறுகிறவர்கள் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினார்கள். அப்படியே தள்ளிக்கொண்டு போய்விட மாட்டார்களா என்றிருந்தது.

ஊரப்பாக்கத்தில் அந்தப் பெண் பெட்டியோடு நின்றிருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கினேன்.

"எனக்குச் சரியா இருக்குமா?" என்று பூட்ஸைப் பார்த்துக் கேட்டாள்.

"ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோ," என்றேன்.

வண்டி போய்விட்டது. செங்கல்பட்டுக்குத் திரும்பும் வண்டி வரவில்லை. எங்கோ சிக்னல் கோளாறு என்றார்கள். வெயில் சாயச் சாய ஸ்டேஷன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பயணத்தையும் விட்டுவிட்டு, காப்பையும் மீறியவளாகிவிடுவேனோ? ஒரு வழியாக ரயில் பிடித்து, கடைசிப் பஸ்ஸில் வந்து, சாலையிலிருந்து குப்பம்வரை ஓடினேன். மணலில் ஓடிப் பழகிய கால்.

நான் உள்ளே நுழைந்த பிறகுதான் அம்மா விளக்கை ஏற்றினாள்.

"வந்துட்டியா," என்றாள்.

அவள் குரலில் அவ்வளவு நிம்மதி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.