பதினாலு மிஸ்டு கால்

சண்முகத்தாய் ஒன்பது வருடம் என் வேனில் வேலைக்கு வந்தவள். தாயில்பட்டியில் ஏறுவாள், ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் பட்டாசுக் கம்பெனி வாசலில் இறங்குவாள். மற்றப் பெண்கள் என் உயிரை வாங்கிவிடுவார்கள். ‘அண்ணே, கடையில ஒரு நிமிசம் நிப்பாட்டுங்க’, ‘அண்ணே, இந்தப் பையை எங்க வீட்டுல குடுத்துருங்க’ என்று வேனைத் தங்கள் சொந்தச் சொத்தாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இவள் ஒருத்திதான் ஒன்றும் கேட்டதில்லை. அடுத்த வீட்டில் ஒரு கொத்து கறிவேப்பிலை கேட்டால்கூட மரியாதை போய்விடும் என்று நினைக்கிற பிறவி. “உனக்கு உடம்பெல்லாம் திமிரு தாயி” என்று நேரிலேயே சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே இறங்கிப் போவாள்.

அப்படிப்பட்டவளின் மகளுக்குத்தான் நோய் வந்தது. எழில் என்று பெயர், ஏழு வயது. விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது, காலில் அங்கங்கே நீலமாகக் கன்றிப் போனது. ஓடி விளையாடுகிற பிள்ளை, எங்கேயாவது இடித்திருக்கும் என்று எல்லோரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்து ரத்தப் புற்றுநோய் என்றார்கள். கூடவே, பிள்ளைகளுக்கு வருவதில் இது குணமாக்கக்கூடிய வகை, இரண்டரை வருடம் பொறுமையாகச் சிகிச்சை எடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். சண்முகத்தாய் முதலில் சொன்னதை விட்டுவிட்டு இரண்டாவதாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். வேலையை நிறுத்திவிட்டுப் பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தாள். புருஷன் மாரிக்கண்ணன் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டான்.

அரசாங்கக் காப்பீட்டு அட்டையில் சிகிச்சை நடந்தது. ஆனால் ரத்தத்தை எந்த அட்டையைக் காட்டியும் வாங்க முடியாது. யாராவது ஒரு மனுஷன் வந்து கையை நீட்டினால்தான் உண்டு.

எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஒரு பொறி போதும், அறையே போய்விடும். அதனால் வேனில் வருகிறவர்கள் இறங்கும்போது ஆளுக்கொரு போனை என் துணிப்பையில் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். சாயங்காலம் வரை முப்பது போன்களுக்கு நான்தான் காவல். அடுத்தவர் போனை எடுத்துப் பேசுவதில்லை என்பது என் கொள்கை. முன்பு ஒரு தடவை ஒரு பெண்ணின் போனை எடுத்து ‘ஹலோ’ என்று சொல்லப்போய், அவள் புருஷன் பைக்கை முறுக்கிக்கொண்டு கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டான். அதிலிருந்து பை பாட்டுக்குக் கத்தும், நான் பாட்டுக்குப் பின்சீட்டில் படுத்துக் கிடப்பேன்.

அன்றைக்குக் காலை பத்தரை மணி இருக்கும். பையில் ஒரு போன் அடித்தது. அது நின்றதும் இன்னொன்று. அதுவும் நின்றதும் மூன்றாவது. ஒன்றில் அம்மன் பாட்டு, ஒன்றில் சினிமாப் பாட்டு, ஒன்றில் குழந்தை சிரிக்கிற சத்தம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எவனோ வேலையற்றவன் விளையாடுகிறான், நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பையைக் கவிழ்த்தேன். எந்தப் போனைப் பார்த்தாலும் ஒரே ஆள். ஒன்றில் ‘சம்முகத்தாய்’, ஒன்றில் ‘தாயி அக்கா’, ஒன்றில் ‘எழில் அம்மா’. பிறகு எண்ணிப் பார்த்தோம், பதினாலு மிஸ்டு கால். பதினைந்தாவதாகக் கற்பகவல்லியின் போன் அடித்தபோது கொள்கையைத் தூக்கிப் போட்டுவிட்டு எடுத்தேன்.

“கற்பகம், நீயாவது எடுத்தியே” என்றாள்.

“நான் வேன்காரன் பேசுறேன் தாயி.”

“ஏண்ணே ஒருத்தரும் எடுக்க மாட்டேங்காக? காசு கேப்பேன்னு நெனைச்சுட்டாகளா? நான் காசு கேக்கலண்ணே. ரத்தம்தான் கேக்கேன்.”

“இன்னைக்கு என்ன கிழமைன்னு தெரியுமா உனக்கு?”

“ஞாயித்துக்கெழமைதான?”

“புதன்கெழமை. எல்லாரும் வேலைக்கு வந்துட்டாக. போனெல்லாம் என் பையில கெடக்கு.”

ஆஸ்பத்திரியில் ஆறு மாதமாகக் கிடப்பவளுக்கு எல்லா நாளும் ஒரே நாளாகப் போயிருக்கிறது. ஒன்பது வருடம் தன் கையாலேயே அந்தப் பையில் போனைப் போட்டவள், ஊரே தன்னைக் கைவிட்டுவிட்டது என்று நினைத்திருக்கிறாள். புதன்கிழமை என்று கேட்டதும் ஓவென்று அழுதாள். அவள் அழுது நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அழுகைக்கு நடுவே விஷயத்தைச் சொன்னாள். எழிலுக்கு விடியற்காலையிலிருந்து மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டன. ஓ நெகட்டிவ் ரத்தக்காரர் ஒருவர் நேரில் வந்து தட்டணு கொடுக்க வேண்டும், அதுவும் இன்றைக்கே. ரத்த வங்கியில் கையிருப்பு இல்லை, வழக்கமாகக் கொடுக்கிறவரும் ஊரில் இல்லை.

வாசலுக்கு ஓடி ஃபோர்மேன் வெள்ளைத்துரையைக் கூப்பிட்டேன். அவர் அலுவலகச் சுவரில் ஒரு பட்டியல் தொங்கும். வேலை செய்கிற அறுபத்திரண்டு பேரின் பெயரும் ரத்த வகையும் அதில் இருக்கும். விபத்து நடந்தால் பார்ப்பதற்காக எழுதி வைத்தது. அதன் பக்கம் திரும்பிப் பார்க்கவே எல்லோருக்கும் பயம். வெள்ளைத்துரை அதை ஆணியிலிருந்து கழற்றி மேசையில் வைத்து விரலால் தேடிக்கொண்டே வந்தார். ஓ நெகட்டிவ் ஒரே ஒரு ஆள். பொன்னுத்தங்கம்.

“போச்சுடா” என்றேன் நான்.

பொன்னுத்தங்கத்துக்கும் சண்முகத்தாய்க்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் என் வேன்தான். ஜன்னலோரச் சீட்டில் ஒருத்தி துண்டைப் போட்டு இடம் பிடிக்க, இன்னொருத்தி அதைத் தூக்கிக் கீழே போட, கடைசியில் இருவருடைய பரம்பரையும் சந்திக்கு வந்துவிட்டது. அதற்கு முன்பு ‘மதினி, மதினி’ என்று ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள்தான். அன்றைக்குப் பிறகு ஏழாம் பொருத்தம். பதினைந்து பேருக்குப் போன் போட்ட சண்முகத்தாய், பொன்னுத்தங்கத்துக்கு மட்டும் போடவில்லை.

பொன்னுத்தங்கம் பூச்சட்டிக்கு வெடிமருந்து அடைக்கிற அறையிலிருந்து வந்தாள். முழங்கை வரை வெள்ளிப் பொடி. சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு, “என் போனக் குடுங்கண்ணே” என்றாள். கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இத்தன பேரைக் கூப்பிட்டிருக்கா. எனக்கு ஒரு கால் இல்லையே. நான் என்ன செத்தா போயிட்டேன்?”

“சண்ட போட்டுக்கிட்டிருந்தா எப்படிக் கூப்பிடுவா?”

“சண்ட அவளுக்கும் எனக்கும். பிள்ளைக்கு என்ன? அந்தப் பிள்ளைக்கு மொதத் தொட்டில் கட்டுனதே என் சேலையிலதான் தெரியுமா?” மூக்கு விடைத்தது. “அவ கேக்கட்டும். வாரேன்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் சேர்த்து வைது தீர்த்திருப்பேன். வெள்ளைத்துரை கண்ணைக் காட்டினார். சற்றுத் தள்ளிப் போய்ச் சண்முகத்தாய்க்குப் போன் போட்டு, யாருடைய ரத்தம் சேரும் என்று சொன்னேன்.

“அவக வர மாட்டாகண்ணே” என்றாள்.

“வாரேன்னுதான் நிக்கா. நீ வாயத் தொறந்து கேக்கணுமாம். ஒன்பது வருசமா யாருகிட்டயும் எதுவும் கேக்காம இருந்து என்னத்தக் கண்ட? கேளு தாயி.”

நான் போனை வைத்த சற்று நேரத்தில் பொன்னுத்தங்கத்தின் கையிலிருந்த போன் அடித்தது. எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பேசினாள். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் எனக்குக் கேட்டது.

“ம்… ம்… அழுவாத. அழுதுக்கிட்டே பேசுனா என்ன புரியும்?… மதினின்னு கூப்பிட்டேல்ல, அப்புறம் என்ன, கேளு… ம். கேட்டுட்டேல்ல. இந்தா கெளம்பிட்டேன்.”

கலந்த மருந்தை மிச்சம் வைத்துவிட்டுப் போகக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அவள் தட்டில் பாதி மிச்சம் இருந்தது. “நீ போம்மா” என்று சொல்லிவிட்டு வெள்ளைத்துரை சட்டைக் கையை மடித்து அவள் இடத்தில் போய் உட்கார்ந்தார். போன் பையை வாட்ச்மேனிடம் கொடுத்தேன். சாயங்காலம் பெண்களை வீட்டில் விட இன்னொரு வேன்காரரிடம் சொன்னேன். பொன்னுத்தங்கம் குழாயடியில் கை கால் கழுவிக்கொண்டு வந்து ஏறினாள்.

சாத்தூர் வந்து நாலுவழிச் சாலையில் ஏறினோம். ‘வயிறு நிறையச் சாப்பிட்டு வரச் சொல்லுங்கண்ணே’ என்று சண்முகத்தாய் சொல்லியிருந்தாள். இங்கேதான் நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். ரத்தம் கொடுக்கப் போகிறவளுக்குச் சத்தாக ஏதாவது வாங்கித் தர வேண்டும் என்று விருதுநகரில் வண்டியை நிறுத்தி, எண்ணெயில் பொரித்த பரோட்டா நாலு, மேலே சால்னா, பக்கத்தில் ஆம்லெட் என்று வாங்கிக் கொடுத்தேன். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்த வங்கி டாக்டரம்மா முதலில் எடையைக் கேட்டார். பொன்னுத்தங்கம் என்னை வெளியே போகச் சொன்னாள். வெளியே நின்றும் கேட்டது, எழுபத்திரண்டு கிலோ. ரத்தம் நல்ல கெட்டியாக இருக்கிறது என்றார் டாக்டரம்மா. பிறகு, மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். இவள் பெருமையோடு சொன்னாள்.

அவ்வளவுதான். நான் உள்ளே போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எண்ணெய்ப் பண்டம் தின்றால் ரத்தத்தில் கொழுப்பு மிதக்குமாம், தட்டணு பிரிக்கிற மெஷினில் சரிப்படாதாம். “யார் இவங்களுக்குப் பரோட்டா வாங்கித் தந்தது?” என்றார். என் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று மணி நேரம் போகட்டும், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், திரும்பச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போய்விட்டார். அங்கே மேலே பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் வந்துகொண்டிருக்கிறது, இங்கே நான் வாங்கித் தந்த பரோட்டா குறுக்கே நிற்கிறது. அந்த மூன்று மணி நேரத்தில் நான் என்னை வைததுபோல் வேறு யாரையும் வைததில்லை.

பொன்னுத்தங்கம் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தாள். அதற்குள் சண்முகத்தாய் மேலே வார்டிலிருந்து இறங்கி வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். சேலை முந்தானையில் ரத்தக் கறை. இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள்.

“பிள்ளகிட்ட யாரு இருக்கா?” என்றாள் பொன்னுத்தங்கம்.

“பக்கத்துப் படுக்கை அம்மா பாத்துக்கிறாக.”

“நீ சாப்பிட்டியா?”

சாப்பிட்டதாகச் சண்முகத்தாய் தலையை ஆட்டினாள். சாப்பிடவில்லை என்று அந்த முகமே சொன்னது. பொன்னுத்தங்கம் என்னைப் பார்த்து, “அண்ணே, இட்லி வாங்கிட்டு வாங்க. பரோட்டா வாங்கிறாதீக” என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு சண்முகத்தாய் சிரித்தது அப்போதுதான்.

நாலரை மணிக்கு மறுபடி சோதித்தார்கள். போதும், செய்யலாம் என்றார்கள். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. படிவத்தை நிரப்பிய நர்ஸ், தலைவலிக்கு, கைகால் வலிக்கு மாத்திரை ஏதும் போடுகிற பழக்கம் உண்டா என்று கேட்டாள். எங்கள் பெண்களுக்கு அது இல்லாமல் பொழுது போகாது. வெடிமருந்து நெடியில் தலை விண்விண்ணென்று தெறிக்கும், ஆளுக்கொரு மாத்திரை முந்தானையில் முடிந்திருக்கும். நல்ல வேளை, பொன்னுத்தங்கத்துக்கு முந்தின வாரமே மாத்திரை தீர்ந்து, வாங்க மறந்திருந்தாள். “அதைப் போட்டா தட்டணு வேலை செய்யாது. கொடுக்கிறதுக்கு மூணு நாள் முன்னாலருந்தே போடக் கூடாது” என்று நர்ஸ் சொன்னாள். பிறகு நரம்பு தேடுவதற்காகக் கையைத் துடைத்தாள். பஞ்சு பஞ்சாக வெள்ளி வந்துகொண்டே இருந்தது.

ஒன்றரை மணி நேரம் மெஷின் ஓடியது. பை நிறைந்ததும் பொன்னுத்தங்கம் எட்டிப் பார்த்து, “ரத்தம்னாக, பருப்புத் தண்ணியாட்டம்ல இருக்கு” என்று ஏமாந்துபோனாள். அந்தப் பருப்புத் தண்ணி ராத்திரி ஏழு மணிக்கு எழிலுக்கு ஏறியது. எட்டரைக்கு மூக்கில் வைத்த துணியில் புதுக் கறை இல்லை. ஒன்பது மணிக்குப் பிள்ளை, “பசிக்கும்மா” என்றது. சண்முகத்தாய் இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டே, “மதினி, மதினி” என்று பொன்னுத்தங்கத்துக்கும் ஒரு விள்ளலை நீட்டினாள். நானும் அழுதேன். அதை மறைக்க என்ன இருக்கிறது?

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதன் பிறகும் மூன்று தடவை தட்டணு தேவைப்பட்டது. மூன்று தடவையும் சண்முகத்தாய் தயங்காமல் கேட்டாள், பொன்னுத்தங்கம் போனாள். இப்போது எழிலுக்கு முடி வளர்ந்துவிட்டது, பள்ளிக்கூடம் போகிறாள். மாத்திரையும், மாதம் ஒரு தடவை மதுரைக்குப் போய் வருவதும் மட்டும்தான். சண்முகத்தாய் வாரத்தில் நாலு நாள் வேலைக்கு வருகிறாள். வார்டில் பழகிய பிள்ளை யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் வேன் படியில் நின்றுகொண்டு அத்தனை பேரிடமும் வாய்விட்டுக் கேட்கிறாள். கேட்டால் ஒருத்தராவது வருகிறார்கள்.

போன மாதம் தீபாவளி ஆர்டர் நெருக்கடி. சாயங்காலம் வேனில் ஏறிய பொன்னுத்தங்கம் துண்டால் தலையை இறுக்கிக் கட்டியிருந்தாள். கண்ணைத் திறக்க முடியவில்லை. சண்முகத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். என் பெட்டியில் தலைவலி மாத்திரை இருந்தது, எடுத்து நீட்டினேன்.

“வேண்டாம்ணே. பிள்ளைக்கு எப்ப வேணுமோ, யாருக்குத் தெரியும்?”

“டாக்டர்தான் இனிமே தேவப்படாதுன்னு சொல்லிட்டாகளே மதினி, போடுங்க” என்றாள் சண்முகத்தாய்.

“அவக சொல்லுவாக. எனக்கு மனசு கேக்கல” என்று சொல்லிவிட்டு, பொன்னுத்தங்கம் துண்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கட்டினாள். எழிலுக்குக் கடைசியாகத் தட்டணு ஏற்றி அன்றைக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது.