அடக்கமான பிள்ளைகள்

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் உஷ் டீச்சர். வகுப்புக்குள் நுழையும்போதே ஆள்காட்டி விரல் உதட்டுக்குப் போய்விடும். ஒரே ஒரு உஷ்தான், பூட்டுப் போட்ட மாதிரி அத்தனை வாயும் மூடிக்கொள்ளும். பக்கத்து வகுப்புகள் சந்தைக்கடையாக இரையும்போது அவள் வகுப்பில் மட்டும் மின்விசிறி கிறீச்சிடுவது கேட்கும். பட்டப்பெயர் அவள் காதில் விழாமல் இல்லை. விழுந்தபோது உள்ளூரக் குளிர்ந்துதான் போனாள்.

அவளுடைய அப்பா ஊர்க்கோடியில் இருந்த செருப்புக் கம்பெனியில் மூட்டை தூக்கியவர். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவர் மேல் பசை நாற்றம் போகாது. அந்த வீட்டில் படித்து, பரீட்சையில் தேறி, அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக வந்து நின்றவள் அவள். "நான் வரலையா? வாயை மூடிக்கிட்டு ஒழுங்காப் படிச்சா யார் வேணும்னாலும் மேல வரலாம்" என்று வருஷா வருஷம் பிள்ளைகளிடம் சொல்வாள். மனதாரச் சொல்வாள்.

இதை ஒத்துக்கொள்ளாத ஆள் அவள் தம்பி ஒருவன்தான். அப்பா வேலை பார்த்த கம்பெனியிலேயே மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். சங்கத்துக்காரன். ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீஸில் நாலைந்து பேரோடு உட்கார்ந்து மார்க்ஸைப் படித்துவிட்டு, நேராக அக்கா வீட்டுக்கு வந்து வம்புக்கு இழுப்பான்.

"அக்கா, நாம ரெண்டு பேரும் ஒரே கம்பெனிக்குத்தான் வேலை பாக்கறோம். நான் மெஷினைத் தயார் பண்றேன். நீ ஆளைத் தயார் பண்றே."

"உளறாதே. நான் கணக்கு சொல்லித் தர்றேன்."

"அது மேலாப்புல. அடியில என்ன பாடம் நடத்தறே? மணி அடிச்சா வரிசையில நில்லு. கேட்காம வாயைத் திறக்காதே. ஏன்னு கேட்காதே. மார்க்குக்காகச் செய். முதலாளிக்குத் தோலும் மெஷினும் மட்டும் போதாதுக்கா, சொன்னதைச் செய்யற ஆளும் வேணும். தோலை வெளியூர்ல வாங்கறான். ஆளை உங்க பள்ளிக்கூடத்துல வாங்கறான்."

"அப்போ நான் எப்படிடா மேல வந்தேன்?"

"ஒண்ணு ரெண்டு பேரை மேல விட்டாத்தானே மத்தவன் தப்பு தன் மண்டையிலதான்னு நம்புவான்? நீ அவங்களுக்கு விளம்பரப் பலகை."

அன்றைக்கு அவனுக்கு டீகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டாள்.

இப்படி இருக்கும்போது, பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் கட்டித் தருகிறோம் என்று கம்பெனி முன்வந்தது. தலைமையாசிரியருக்குக் கால் தரையில் பாவவில்லை. இருப்பதில் பழைய டீச்சர் என்பதால் அவளையும் கூட்டிக்கொண்டு கம்பெனியைப் பார்க்கப் போனார்.

மேனேஜர் தங்கமான மனிதர் மாதிரிதான் பேசினார். தானே முன்னால் நடந்து இடத்தைச் சுற்றிக் காட்டினார். நீளக் கூடம், வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள், எல்லா முகமும் ஒரே பக்கம் பார்த்தபடி. ஒரு சிறு மேடையில் சூப்பர்வைசர். டீச்சரைக் கண்டதும் அவன் இறங்கி ஓடி வந்தான். பழைய மாணவன்.

"டீச்சர், இங்க பாருங்களேன்" என்று கூடத்தைப் பார்த்துத் திரும்பினான். விரலை உதட்டில் வைத்தான். "உஷ்!"

பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது.

"உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான் டீச்சர். கையை ஓங்க வேண்டியதே இல்ல. பாதிப் பேர் உங்ககிட்ட படிச்சவங்கதானே, பழகிப்போச்சு" என்று இளித்தான்.

அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு பெண் சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு நிற்பதை டீச்சர் பார்த்தாள். எத்தனை நேரமாக நின்றாளோ, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். முகம் பிடிபட்டது. எதற்கெடுத்தாலும் ஏன் ஏன் என்று கேட்டவள். மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று விடாமல் நச்சரித்து, வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவள். கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியோரம் ஒன்றிரண்டு நரைமுடிகூட.

அவளும் டீச்சரைப் பார்த்துவிட்டாள். விறைப்பாக நிமிர்ந்து நின்று, அதே பழைய இழுவையில், "வணக்கம் டீச்சர்" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, "டீச்சர், பாத்ரூம் போகட்டுமா?" என்றாள்.

சூப்பர்வைசர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"போம்மா" என்றாள் டீச்சர்.

அந்தப் பெண் போகவில்லை. சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்தாள். அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். மெதுவாக உட்கார்ந்து மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

மேனேஜர் அறையில் டீ வந்தது.

"நெசமாச் சொல்றேன் மேடம், கணக்கு, அறிவியல் எல்லாம் எங்களுக்கு வேண்டாம். தைக்கறதை நாங்க ஒரு வாரத்துல சொல்லிக் குடுத்துடுவோம். உட்காருன்னா உட்காரணும், பேசாதேன்னா பேசக் கூடாது. அது ஒரு வாரத்துல வராது. சின்ன வயசுலயே பழக்கணும். நீங்க அதை அழகாப் பழக்கி அனுப்பறீங்க. அந்த நன்றிக்குத்தான் இந்தக் கட்டடம்."

"உங்க பிள்ளைங்க எங்க சார் படிக்கறாங்க?" என்று கேட்டாள்.

"அது வேற மாதிரி ஸ்கூல்" என்று பெருமையாகச் சிரித்தார். "என் பையன் பெஞ்சு மேல உட்கார்ந்து டீச்சரோட சண்டை போடறான். கேள்வியாக் கேட்டுக் கொல்றான். கேட்கட்டுமே, நாளைக்கு நாலு பேரை மேய்க்க வேண்டியவன் இல்லையா?"

தலைமையாசிரியர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். அறைக்குள்ளும் பசை நாற்றம். அப்பா மேல் அடித்த அதே நாற்றம். அப்போதெல்லாம் அது அவளுக்குக் குமட்டியதில்லை. வெளியே வந்து வேலியோரம் வாந்தி எடுத்தாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்றார் தலைமையாசிரியர்.

கட்டடத் திறப்பு விழாவில் அவளுக்குச் சால்வை போர்த்தி, நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் கோபத்தையெல்லாம் கூட்டி வைத்திருந்தாள். மேனேஜர் சொன்னதை மைக்கில் அப்படியே போட்டு உடைத்தாள். "உங்க பிள்ளைங்களுக்குக் கணக்கு வேண்டாமாம், அறிவியல் வேண்டாமாம். உட்காருன்னா உட்கார்ந்தா போதுமாம். அப்படித்தான் நான் வளர்த்து அனுப்பினேனாம்." சபை கொதிக்கும் என்று எதிர்பார்த்தாள்.

கை தட்டினார்கள். மேனேஜர் எல்லோருக்கும் முன்னால் தட்டினார். இறங்கி வந்தபோது ஒரு தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க பொண்ணையும் அப்படியே அடக்கி வளர்த்து விட்டுடுங்க டீச்சர். வேலை கிடைச்சா போதும்." அந்த அம்மாளின் மேல் எப்படிக் கோபப்படுவது? வேறு எந்தக் கதவு அவளுக்குத் திறந்து கிடந்தது? சால்வை உடம்பில் ஊர்வது மாதிரி இருந்தது. உருவி, காலி நாற்காலி ஒன்றின் மேல் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் வகுப்பில், "இனிமே யாரும் பாத்ரூம் போக என்னைக் கேட்க வேண்டாம். என்ன சந்தேகம்னாலும் கேளுங்க. நான் சொல்றது தப்புன்னு தோணினா அதையும் சொல்லுங்க" என்றாள். வகுப்பு அவளைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. காத்திருந்தாள். கடைசியில் ஒரு கை எழுந்தது.

"இது பரீட்சைக்கு வருமா டீச்சர்?"

பல்லைக் கடித்துக்கொண்டு விடாமல் செய்தாள். மெல்ல மெல்லச் சத்தம் வந்தது, கேள்வி வந்தது, சண்டை வந்தது. ஒருநாள் வகுப்பே சேர்ந்து, வகுப்பறையைப் பெருக்குகிற வேலை ஏன் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று கேட்டது. அடுத்த வாரமே தலைமையாசிரியர் கூப்பிட்டார்.

"உங்களுக்கு என்ன ஆச்சு டீச்சர்? கம்பெனியில என்ன நினைப்பாங்க?"

"நான் கம்பெனியில வேலை பாக்கலையே சார்."

பெரிய வகுப்பை அவளிடமிருந்து எடுத்து வேறு ஆளிடம் கொடுத்தார்கள். சில நாளிலேயே அந்த அறை பழையபடி அடங்கிவிட்டது. அவளுக்கு ஒன்றாம் வகுப்பு கிடைத்தது. இன்னும் அடங்கக் கற்றுக்கொள்ளாத பிள்ளைகள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

தம்பியிடம் சொன்னபோது அவன் கேலி செய்யவில்லை. "நீ ஒருத்தி வகுப்பை மாத்தினா ஊர் மாறிடாதுக்கா. கம்பெனி அங்கேயேதான் இருக்கும்."

"இருக்கட்டும். அதுக்காகப் பிள்ளைங்களைத் தோல் மாதிரி நானே அறுத்துப் பதப்படுத்திக் குடுக்கணுமா?"

ஓய்வு பெறும்வரை ஒன்றாம் வகுப்புதான். புதுக் கட்டடத்தில் இடம் கொடுத்தும் போகாமல், ஒழுகும் பழைய கொட்டகையிலேயே பாடம் நடத்தினாள். புதுச் சுவரில் கம்பெனியின் பெயரை ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தார்கள். தினமும் காலையில் அதைத் தாண்டும்போது சுவரோரமாக ஒருமுறை காறித் துப்பிவிட்டுத்தான் போவாள். ஆரம்பத்தில் யாரும் பார்க்காதபோது துப்பினாள். பிறகு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள்.