அக்கா வீட்டு முகவரி

எம். புதுப்பட்டி மாடத்தி பொய் பேசிப் பழகாதவள். தெரிந்தே சொன்னது ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஆஸ்பத்திரியில், மகள் பேரைப் பதிகிற இடத்தில்.

ஓவியாவுக்கு அப்போது ஐந்து வயது. விடாத காய்ச்சல், காலெல்லாம் நீலத் திட்டு. மதுரையில் பார்த்துவிட்டு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். ஊர் எது, என்ன வேலை என்று கேட்டபோது புருஷன் கோட்டைச்சாமி அவள் கையை அமுக்கினான். ஊருக்குள் தெரிந்தால் மூத்தவள் செல்வலட்சுமியை யார் கட்டுவார்கள்? தாங்கள் பார்க்கும் பட்டாசு வேலையால் வந்தது என்று பேச்சுக் கிளம்பினால் கம்பெனியில் யார் கூப்பிடுவார்கள்? மாடத்தி, மதுரையில் இருக்கும் அக்கா வீட்டு முகவரியைக் கொடுத்தாள். வேலை, கூலி என்றாள். பாவி மக்கள், வேறு என்னதான் செய்வார்கள்!

இரண்டு வருஷம் ஊசியும் பஸ்ஸுமாய்ப் போனது. கொட்டின முடி முளைத்து, ஓவியா ரெட்டைச் சடை கேட்ட மாதத்தில் நோய் திரும்பியது. ஆடியில் பிள்ளை போய்விட்டாள். ஆவணியில் மாடத்தி வேலைக்குப் போனாள்; தீபாவளிச் சீசன் யாருக்காகவும் நிற்பதில்லை. பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும்போதெல்லாம் ஒரே நினைப்பு. குளிக்காமல் மருந்துத் தூள் படிந்த சேலையோடு பிள்ளையைத் தூக்கினோமே, அதனாலா? டாக்டரிடம் கேட்டிருக்கிறாள். ஒரு பிள்ளைக்கு ஏன் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாதம்மா என்றுவிட்டார். அந்தப் பதில் அவளைத் தேற்றவும் இல்லை, விடவும் இல்லை.

தீபாவளி கழிந்து நாகஜோதி வந்தாள். எந்தப் பகுதியில் எத்தனை பிள்ளைகளுக்கு இந்த நோய் வருகிறது, கூடுகிறதா குறைகிறதா என்று பதிவெடுக்கிற பெண். அக்கா வீட்டில் விசாரித்துக்கொண்டு இங்கே வந்திருந்தாள். அக்கா இருக்கும் வட்டாரத்தில் கூடுதலாகப் பதிவாகியிருக்கிறதென்று, அங்கே குழாய்த் தண்ணீரைக்கூடச் சோதிக்க எடுத்துப் போனார்களாம்.

ஓவியா அந்த வீட்டில் படுத்ததே ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களில்தான். குடித்ததும் விளையாடியதும் விழுந்து எழுந்ததும் இந்தத் தெருவில். செத்த பிறகும் பிள்ளை அடுத்தவர் ஊரில் கிடக்கிறாளே!

கோட்டைச்சாமி உள்ளேயிருந்து கண்ணைக் காட்டினான். அவள் பார்க்காததுபோல் இருந்துகொண்டாள்.

"எழுதிக்கோங்க தாயி. எம் பிள்ள பெறந்து வளந்தது இங்கனதான். நான் வெடிமருந்து செலுத்துறவ. அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்."

நாகஜோதி அடித்துத் திருத்தி எழுதினாள். தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் இதுதான் முதல் பதிவு என்றாள்.

மாடத்தி எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தாள். அது ரோஜாவின் வீடு. ரோஜாவின் மகன் போன வருஷம் செத்தபோது ஊருக்குச் சொன்னது மஞ்சள் காமாலை. ஆனால் மதுரையில், ஓவியா கிடந்த அதே வார்டில், மொட்டைத் தலையோடு மூன்று கட்டில் தள்ளிக் கிடந்தான் அவன். இரண்டு தாய்களும் ஒருவரையொருவர் பார்த்தும் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவன் எந்த ஊர்ப் பிள்ளையாக எழுதப்பட்டானோ, யார் கண்டது?

"மொதப் பிள்ள இல்ல தாயி," என்றாள் மாடத்தி. "மொதல்ல சொன்னவதான் நான்."