மாமியின் மூக்கும் குப்பைமேனியும்

சுவிஸின் பீல் நகரில், ஆய்வுகூடத்திலிருந்து வந்த பேத்தியின் கையில் குப்பைமேனி மணத்தது. அந்த இலைச்சாறு கிருமியைக் கொல்லுமா என்று சோதிக்கிறாளாம். அந்தச் சோதனை சின்ன வயதில் என் காலிலேயே நடந்தது.

முள் ஏறிக் கால் வீங்கியது. பழுத்தால் வெட்டிவிடுவார்கள் என்று அம்மா அழுதார். அப்பாவின் தங்கை, என் மாமி, குப்பைமேனியை மஞ்சளோடு அரைத்துக் கட்டினார். மறுநாள் கட்டை அவிழ்த்து, குனிந்து முகர்ந்தார்.

"மச்சாள், நாறுதோ?" அம்மா கேட்டார்.

"புண் நாறேல்லை. உங்கடை பிள்ளையின்ரை கால்தான் நாறுது."

அழுத முகத்தோடேயே அம்மா சிரித்தார். என் கால் தப்பியது.

கதையைக் கேட்ட பேத்தி முகத்தைச் சுளித்தாள். "எங்கடை லாபிலை அப்பிடி மணந்து பாக்க விடமாட்டினம், அம்மம்மா. கிருமி மூக்குக்குள்ளை போயிடும்."

"நீ மாமியைக் காணேல்லை, பிள்ளை. கிருமிதான் பயந்திருக்கும்."