அப்பாவும் இருந்த குழு

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு அஞ்சுவாய் என்று பெயர் வைத்தது நான்தான். ஒரு சேதியைக் கொடுத்தால் ஐந்து வாயால் பேசுவாள். மெத்தைக் கடைக்காரர் ஒருவர் விளம்பரத்துக்கு வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டாகிராமுக்கு மெத்தையில் குதிக்கும் குழந்தையும் நாலே வார்த்தையும். ஃபேஸ்புக்குக்கு, முதுகுவலியோடு காலம் தள்ளிய ஒரு மாமாவின் கதை. லிங்க்ட்இன்னில் அதே மெத்தை கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு நிர்வாகத் திறமை பற்றிப் பேசும். யூடியூபில் மெத்தையை அறுத்து உள்ளே இருப்பதைக் காட்டுவாள். வாட்ஸ்அப்பில் விலையும் கடை விலாசமும், அவ்வளவுதான். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படம் போடுகிறவள். ஒரே படத்தைச் சதுரமாகவும் நெட்டையாகவும் வெட்டிக் கொடுத்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

"எழுதுறதுக்கு முன்னாடி யாரு படிக்கப் போறாங்கன்னு பாக்கணும்டி" என்பாள். அந்த விஷயத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. எனக்குப் பொறாமைகூட உண்டு.

அவளுக்கு அம்மா இல்லை. அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரே தங்கை, விமானம் ஏறி வரவேண்டிய தூரத்தில் ஒரு ஹோட்டலில் வேலை. மூவருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு குழு. அப்பாவுக்கு ரத்தத்தில் நோய் வந்து ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு அந்தக் குழுவை ஒரு வரி விடாமல் படிப்பார்.

டாக்டர் இவளைத் தனியாகக் கூப்பிட்டார். "நாள் ரொம்ப இல்லம்மா. பாக்க வேண்டியவங்கள வரச் சொல்லிடுங்க."

அன்றே, அப்பா எட்டிப் பார்க்காத ஃபேஸ்புக்கில் எழுதினாள்: 'என் அப்பா உயிருக்குப் போராடுகிறார். ரத்தம் வேண்டும்.' முன்பின் தெரியாதவர்கள் வந்து வரிசையில் நின்றார்கள். குழுவில் மட்டும், அப்பா படிக்கிறாரே என்று, 'அப்பா இன்னைக்கு நல்லா சாப்பிட்டார், நர்ஸையே கிண்டல் பண்றார்' என்று போட்டாள். கிண்டல் செய்தது உண்மை. சாப்பிட்டது பொய்.

தங்கை அதே குழுவில் கேட்டாள்: 'நான் கிளம்பி வரட்டுமா?'

அப்பாவின் கண்ணெதிரே என்னத்தை எழுதுவாள்? 'அவசரமில்லடி. அடுத்த மாசம் லீவு போட்டு நிதானமா வா.'

தனியாகப் போன் செய்து சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ரத்தம், மருந்து, ஸ்கேன் என்று ஓடியதில் அது தள்ளிப்போனது. ஃபேஸ்புக்கில் ஊரே பார்த்தாயிற்று, அவள் பார்க்காமலா இருப்பாள் என்றும் ஒரு நினைப்பு. தங்கை ஃபேஸ்புக்கை விட்டு வருஷக்கணக்காகிறது. மெத்தை வாங்குகிற மாமா எங்கே இருப்பார் என்பதை விரல்நுனியில் வைத்திருந்தவளுக்கு, கூடப்பிறந்தவள் எங்கே இல்லை என்பது மறந்துபோயிற்று. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

நான் பார்க்கப் போன அன்று அப்பா கேட்டார். "சின்னவ எப்பம்மா வர்றா?"

"வந்துருவாப்பா" என்று இவள் முந்திக்கொண்டாள்.

"அவசரமில்லன்னு நீதானே எழுதியிருக்க. அப்ப எனக்கு ஒண்ணுமில்லன்னுதானே அர்த்தம்" என்று சிரித்தார். கொஞ்சம் பொறுத்து, "இருந்தாலும் பாக்கணும்போல இருக்கு" என்றார்.

இவள் வெளியே ஓடி வந்து, வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டு போன் செய்தாள். தங்கை கிடைத்த விமானத்தில் ஏறினாள். அவள் நடுவழியில் இருக்கும்போதே அப்பா போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்த ஒருவர், நல்ல மனதோடுதான், "உங்க அக்கா போட்டதப் பாத்துட்டு நான்தாம்மா ரத்தம் குடுத்தேன்" என்று தங்கையிடம் போனை நீட்டினார். அவள் தேதியைப் பார்த்தாள். குழுவில் அதே தேதியில் வந்ததையும் எடுத்துப் பார்த்தாள்.

"இவருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலையேக்கா."

"அப்பா படிப்பாருன்னுதான்டி அப்படி..."

"நானும்தானே படிச்சேன்."

அக்கா தன் போனை எடுத்து, குழுவில் தான் எழுதியதையே மறுபடி படித்தாள்.

தங்கை திரும்பிப் போய்விட்டாள். பேச்சை முறித்துக்கொள்ளவில்லை. திட்டியிருந்தால், சண்டை போட்டிருந்தால்கூட அக்காவுக்கு மனசு ஆறியிருக்கும். வாரம் தவறாமல் எப்படி இருக்கே என்று கேட்கிறாள், இவளும் பதில் எழுதுகிறாள்.

போன வாரம் வேலை நடுவில் என் போன் அடித்தது. தங்கை. ஒலிபெருக்கியில் போட்டுவிட்டேன், கையில் வேலை இருந்தது.

"எங்க அக்கா நல்லா இருக்கேன்னு எழுதியிருக்கா. நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க, அவ முகத்தப் பாத்துச் சொல்லுங்க. நெஜமாவே நல்லா இருக்காளா?"

பக்கத்து நாற்காலியில் விசைப்பலகைச் சத்தம் நின்றது. ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பொய் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"இல்லம்மா" என்றேன்.