என் பெட்டியில் இல்லாத அட்டை

இரண்டு வருடங்களுக்கு முந்தைய கோடை விடுமுறையில், திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் நடந்தது இது. வியட்நாமில் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கும் என் மகன், அங்கேயே ஒரு பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, பத்து நாள் விடுமுறையில் அழைத்து வருவதாகப் போனில் சொன்னான். கோபப்பட வேண்டிய மட்டும் கோபப்பட்டு, அழ வேண்டிய மட்டும் அழுது முடித்தபின் எனக்கு ஒரு கவலைதான் மிச்சம் இருந்தது. மருமகளோடு எந்தப் பாஷையில் பேசுவது? அவளுக்கு இங்கிலீஷ் வராதாம். எனக்கும் எல்.கே.ஜி.யைத் தாண்டி வராது.

எல்.கே.ஜி. என்று சும்மா சொல்லவில்லை. இருபது வருடத்துக்கும் மேலாக அந்த வகுப்புக்குத்தான் நான் டீச்சர். அட்டையைத் தூக்கிக் காட்டிப் பாடம் சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு நினைப்பு. வியட்நாம் பாஷையையும் அட்டையிலேயே பிடித்துவிடலாம் என்று ஆன்லைனில் ஒரு பெட்டி வாங்கினேன். வழவழப்பான அட்டைகள்தான். பிரித்துப் பார்த்தால் வரிக்குதிரை, பென்குயின், பனிமனிதன். மருமகளோடு பென்குயினைப் பற்றிப் பேச எனக்கு என்ன இருக்கிறது? மூடி பரண்மேல் போட்டுவிட்டேன்.

நானே செய்ய உட்கார்ந்தேன். வீட்டில் சேர்ந்து கிடந்த கல்யாணப் பத்திரிகைகளில் பிள்ளையார் படத்தை மட்டும் பத்திரமாக வெட்டி எடுத்து வைத்துவிட்டு, மற்றதைச் சீட்டுக்கட்டு அளவுக்கு நறுக்கினேன். என் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கவில்லையே என்ற வருத்தம் கத்தரிக்கோலைப் பிடிக்கும்போது வராமல் இல்லை. ஒரு பக்கம் படம் வரைந்தேன், மறுபக்கம் அவர்கள் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். உச்சரிப்பை மகன் போனில் பேசி அனுப்பினான். ‘உட்கார்’ என்பதற்கு ‘ஙோய்’ என்றான். ஒன்றாம் வகுப்போடு கைகழுவிய ‘ங’ என்ற எழுத்துக்கு ஒருவழியாக வேலை வந்தது. குரலை ஏற்றி இறக்கிச் சொல்லாவிட்டால் அர்த்தமே மாறிவிடும் என்பதால் சொல்லுக்குப் பக்கத்தில் மேலும் கீழுமாக அம்புக்குறி போட்டுக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஐந்து அட்டைக்கு மேல் கிடையாது, பழைய அட்டையோடு கலந்துதான் புதியது. குழந்தைகளுக்கு வைத்த சட்டத்தை எனக்கும் வைத்தேன். குழம்பு தாளித்தபடி நான் ‘அன், அன்’ என்று சாப்பிடச் சொல்லிப் பழகுவதைக் கேட்டு, என் கணவர் அடுப்படிக்குள் வரவே பயந்தார்.

வந்தாள். ஒல்லியான, சிரித்த முகத்துப் பெண். நான் ‘ஙோய்’ என்றதும் அவள் உட்கார்ந்ததைப் பார்த்து எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாளே மகன் ஒரு சான்றிதழ் வேலையாகச் சென்னைக்குப் போய்விட்டான். நானும் அட்டைகளும்தான் அவளைப் பார்த்துக்கொண்டோம். ஆட்டுக்கறிக் குழம்பு, ஈரல் வறுவல், சீரகச் சம்பா பிரியாணி, ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து வந்த காயெல்லாம் தொட்டுக்கொள்ள வெஞ்சனம். ‘அன்’ என்பேன், சாப்பிடுவாள். தட்டு காலியானதும் இன்னொரு கரண்டி வைப்பேன். “போதும் அத்தை” என்று மழலைத் தமிழில் சொல்வாள். அது எனக்குத் தேன் மாதிரி இருக்கும். மகன் மரியாதை சொல்லிக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்தேன். நம் பக்கம் யார்தான் முதல் தடவையிலேயே வாங்கிக்கொள்கிறார்கள்? போதும் என்பார்கள், நாம் வைப்போம், அவர்கள் சாப்பிடுவார்கள். அதுதானே விருந்து. அவளும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

“ஏம்மா, அந்தப் புள்ள இம்புட்டும் திங்குமா? பாத்து வையி,” என்றார் கணவர்.

“செத்த நேரம் சும்மா இருங்க. நல்லாத்தான சாப்புடுறா,” என்று அவர் வாயை அடைத்தேன்.

நான்காம் நாள் காலை அவள் அறையை விட்டு வரவில்லை. போய்ப் பார்த்தால் சுருண்டு படுத்திருந்தாள். இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறாள். முகம் வெளுத்திருந்தது. மகன் போனை எடுக்கவில்லை. அவசரத்துக்கென்று மகன் என் போனில் போட்டுக் கொடுத்திருந்த மொழிபெயர்ப்புச் செயலியில் கேட்டதற்கு, ‘நான் நலம், கவலை வேண்டாம்’ என்று தட்டிக் காட்டினாள். கண்ணில் நீர் நிற்கிறது, இதில் நலமாம்.

என் அட்டைப் பெட்டியை எடுத்து வந்து கட்டில்மேல் கொட்டினேன். சாப்பிடு. குடி. உட்கார். வா. தூங்கு. நல்ல பெண். அழகு. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எங்கே வலிக்கிறது என்று கேட்க ஒன்றுமில்லை. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கக்கூட ஒன்றுமில்லை. அத்தனையும் நான் அவளுக்குச் சொல்லும் சொற்கள். டீச்சர் சொல்வதும் பிள்ளை கேட்பதுமாகவே கழிந்த பிழைப்பு, மருமகளுக்கும் அதையேதான் செய்து வைத்திருந்தேன்.

நான் தவிப்பதைப் பார்த்து அவள் மெல்ல எழுந்து, பையிலிருந்து ஒரு கட்டு அட்டையை எடுத்தாள். தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டால் கட்டியிருந்தாள். அவளும் தமிழ் அட்டைகள் செய்திருந்தாள்! அதிலிருந்து மூன்றைப் பொறுக்கி என் முன் வரிசையாக வைத்தாள். முதல் அட்டையில் ஒரு வயிறு. இரண்டாவதில் மின்னல் கோடு போட்டு வலி. மூன்றாவதில் சோற்றுத் தட்டை மறித்து நிற்கும் ஒரு கை. அதைக் காட்டி, ரொம்ப மெதுவாக, “போதும் அத்தை,” என்றாள். அந்த அட்டையின் ஓரங்கள்தான் எல்லாவற்றையும்விட அதிகம் தேய்ந்திருந்தன.

என் வாழ்நாளில் நான் அப்படி வெட்கப்பட்டதில்லை.

தெருமுனை டாக்டரிடம் அழைத்துப் போனேன். அஜீரணம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று மருந்து கொடுத்தார். மதியம் மகன் பேசினான். அவள் வீட்டில் தட்டில் மிச்சம் வைத்தால் சமைத்தவரை அவமதித்த மாதிரியாம். நான் வருத்தப்படக் கூடாதென்று ஒவ்வொரு வேளையும் தட்டைக் காலி செய்திருக்கிறாள். நான் காலித் தட்டைப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறேன். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

சாயங்காலம் அவள் இன்னொரு அட்டையைக் காட்டினாள். கிண்ணத்தில் ஆவி பறக்கும் கஞ்சி. உடம்புக்கு முடியாவிட்டால் அவர்கள் வீட்டிலும் அதுதானாம். நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, உப்புப் போட்டு, ஒரு கரண்டி ஊற்றினேன். நிதானமாகக் குடித்தாள். கிண்ணம் காலியானது. என் கை தானாகவே இரண்டாவது கரண்டியை மொண்டுவிட்டது.

“போதும் அத்தை.”

கரண்டியைச் சட்டியிலேயே திரும்ப வைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஊருக்கு வந்ததிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

இப்போதெல்லாம் என் வீட்டுக்குச் சாப்பிட வருகிறவர்கள் ஒரு தடவை போதும் என்றால் நான் வைப்பதில்லை. டீச்சருக்கு மருமகள் வந்ததும் கை சுருங்கிவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். அந்தத் தேய்ந்த அட்டையைக் கேட்டு வாங்கி அடுப்படி அலமாரியில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரு சின்னப் பெண் என் பாஷையில் அத்தனை பாடுபட்டுக் கற்றுக்கொண்டு வந்து சொன்ன சொல்லை, நான் மூன்று நாள் கேட்கவே இல்லை என்பது கரண்டியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஞாபகம் வந்துவிடுகிறது.